பஞ்சாங்கம் கொடுத்த மச்சம்

என் இடது முன்கையில் ஒரு மச்சம் இருப்பதாக அரசாங்கம் நான்கு வருடம் நம்பிக்கொண்டிருந்தது. அப்படி எதுவும் கிடையாது. எனக்கு இருக்கும் ஒரே மச்சம் மூக்குக்குக் கீழே, மேலுதட்டின் மேல், ஒரு மிளகு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. எதிரே வந்து நிற்கிற எவர் கண்ணிலும் முதலில் படுவது அதுதான். ஊரே பார்த்த மச்சத்தை மறைத்துவிட்டு, ஒருவரும் பார்க்காத மச்சத்தை என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். அதனால் ஒரு சர்க்கார் வேலை கைநழுவிப் போக இருந்தது. வெளியே சொல்லக் கூடாத விஷயம் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சொல்லத்தான் போகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சியில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தேன். வகுப்பில் பையன்கள் நாற்பது பேருக்கு மேல், பெண்கள் ஏழு பேர். அப்போதெல்லாம் எஸ்.எஸ்.எல்.சி. என்றால் ஒற்றைத் தாள் கிடையாது, ஒரு புத்தகம். மதிப்பெண், பிறந்த தேதி எல்லாம் அதில்தான் இருக்கும். புகைப்படம் இருக்காது. அதற்குப் பதிலாக முதல் பக்கத்தில் அங்க அடையாளம் இரண்டு எழுத வேண்டும். இன்னார்தான் இந்தப் புத்தகத்துக்குச் சொந்தக்காரர் என்பதற்கு அந்த இரண்டு வரிதான் சாட்சி.

எங்கள் வகுப்பாசிரியர் நல்ல மனிதர். பெண்களைத் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டார். எங்களிடம் கேள்வி கேட்டால்கூடச் சுவரில் தொங்கிய இந்தியா படத்தைப் பார்த்துத்தான் கேட்பார். பையன்களை வரிசையில் நிற்கவைத்து, சட்டையைக் கழற்றச் சொல்லி, மச்சமும் தழும்பும் தேடித் தேடி எழுதினார். எங்கள் பக்கம் வந்ததும் இந்தியாவைப் பார்த்துக்கொண்டே, "நீங்க ஏழு பேரும் சீட்டுல எழுதி நாளைக்குக் குடுத்துடுங்கம்மா" என்றார்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அவள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டாள்.

"பொண்ணு ஒடம்புல எங்க இன்னா இருக்குதுன்னு ஊருக்கு எழுதிக் குடுப்பாங்களா? அந்த வாய் மச்சத்த மட்டும் எழுதின, பாத்துக்க."

மேலுதட்டில் மச்சம் இருக்கிற பெண் எதிர்த்துப் பேசுவாள் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. பெண் பார்க்க வருகிறவர்கள் புத்தகத்தை வாங்கிப் புரட்டினால் முதல் பக்கத்திலேயே அது எழுதியிருக்குமே என்பது அம்மாவின் கவலை. அந்தப் புத்தகத்தை என்னோடு சேர்த்துத்தானே பார்க்கப் போகிறார்கள், என் முகம் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. அந்த வயதில் எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

மறுநாள் மத்தியானம் பள்ளிக்குப் பின்னால் புளியமரத்தடியில் ஏழு பேரும் கூடினோம். ஏழு வீட்டிலும் ஒரே பதில்தான் கிடைத்திருந்தது. எதை எழுதுவது என்று விழித்துக்கொண்டிருந்தபோது கடைத்தெரு ஜவுளிக்கடைக்காரரின் மகள் மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். எங்கள் வகுப்பில் கணக்கில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, பையன்களையும் சேர்த்துத்தான். வீட்டுப் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் மச்ச பலன் போட்டிருந்ததை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"பொம்பளைங்களுக்கு எடது பக்கம்தான் ஒசத்தி" என்று படித்தாள். "எடது முன்கையில இருந்தா நல்ல புருஷன் அமைவான், வூட்ல தானியம் கொறையாது."

பாதத்தில் மச்சம் வேண்டும் என்றாள் ஒருத்தி, தூர தேசம் போகலாமாம். பிறகு அவளும் மனம் மாறினாள். நல்ல புருஷனை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. ஏழு பேரும் இடது முன்கையில் ஒரு மச்சம் என்று எழுதினோம். இரண்டாவது அடையாளமாக மேல்கையில் அம்மை குத்திய தழும்பு என்று எழுதினோம். அது மட்டும் நிஜம். ஆசிரியர் சீட்டுகளை வாங்கி, நிமிர்ந்து பாராமல், ஏழு புத்தகத்திலும் அழகான கையெழுத்தில் அதை ஏற்றினார். நேரில் பார்த்து எழுதியதாகக் கீழே கையெழுத்தும் போட்டார்.

இரண்டு வருடத்துக்குள் ஆறு பேருக்குக் கல்யாணம் ஆனது. ஆறு புத்தகமும் டிரங்குப் பெட்டியின் அடிக்குப் போயின. அங்கே கிடக்கிற வரை அவற்றில் எழுதியிருப்பது பொய்யா மெய்யா என்று யார் கேட்கப் போகிறார்கள்?

என்னுடையதும் அப்படித்தான் போயிருக்கும். மூன்று முறை பெண் பார்க்க வந்தார்கள். மூன்று முறையும் அம்மா என் உதட்டுக்கு மேல் பவுடரை அப்பினாள். செஞ்சி வெயிலில் பவுடர் எவ்வளவு நேரம் நிற்கும்? மூன்றாவது முறை வந்த மாப்பிள்ளையின் அத்தை கிட்டே வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "வாய் கொஞ்சம் நீளமோ?" என்றாள். "ஆமாங்க, நீளம்தான்" என்றேன். வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். கோட்டை மலை அடிவாரத்தில் எங்களுக்கு இருந்த கொல்லியில், மேட்டு நிலம்தான், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தவர். அவர் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். கல்யாணம் ஆகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாம் என்று கடைத்தெரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் வகுப்பில் அவர்தான் சேர்த்துவிட்டார்.

டைப்பிஸ்ட் வேலைக்குப் பரீட்சை எழுதினேன். தேறினேன். அசல் சான்றிதழ்களோடு நேரில் வரச் சொல்லி மெட்ராஸிலிருந்து கடிதம் வந்த நாளில் நைனா அதை எடுத்துக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடந்தார். அதைப் படிக்க அவருக்குத் தெரியாது, காட்டுவதற்குத் தெரியும்.

மெட்ராஸில் சான்றிதழ் சரிபார்க்கிற அதிகாரி மெல்லிய குரலில் பேசுகிறவர். பிறந்த தேதி சரி, டைப்ரைட்டிங் சான்றிதழ் சரி என்று ஒவ்வொன்றாகச் சிவப்புப் பென்சிலால் குறி போட்டுக்கொண்டு வந்தார். முதல் பக்கத்துக்கு வந்ததும், "இடது முன்கையைக் காட்டும்மா" என்றார்.

நீட்டினேன். பார்த்தார். திருப்பச் சொன்னார். திருப்பினேன். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"கையில இல்லாதது புத்தகத்துல இருக்கு. முகத்துல இருக்கிறது புத்தகத்துல இல்லை. இந்தப் புத்தகம் உன்னோடதுன்னு நான் எதை வச்சு நம்புறது?"

"அம்மை குத்தின தழும்பு இருக்குது சார்."

"அது எனக்கும்தான் இருக்கு."

ஆள்மாறாட்டம் என்ற வார்த்தையை அன்றுதான் என்னை நோக்கிச் சொல்லக் கேட்டேன். வேறொருத்தியின் புத்தகத்தை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதியிருக்கிறேனோ என்று அவருக்குச் சந்தேகம். ஒரு மாதத்துக்குள் தக்க ஆதாரம் கொண்டுவராவிட்டால் பட்டியலிலிருந்து பெயர் எடுக்கப்படும் என்றார். வெளியே காத்திருந்த நைனா என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கோபமாக இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

திரும்பும் பஸ் திண்டிவனம் தாண்டியது. நைனா மெதுவாகச் சொன்னார். "ஒரு புள்ளிதான. பச்ச குத்திக்கினா இன்னா?"

அம்மாவுக்கு அந்த யோசனை உடனே பிடித்துவிட்டது. அவளுடைய இரண்டு கைகளிலும் முழங்கை வரை பச்சைக் கோலம் உண்டு. வருகிற அமாவாசைக்கு மேல்மலையனூர் போனால் குத்துகிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், அங்காளம்மனையும் கும்பிட்ட மாதிரி ஆயிற்று என்றாள். எல்லாம் ஒரு புள்ளியில் முடிந்துவிடும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. போனோம்.

ஸ்பெஷல் பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று போய் இறங்கி, கூட்டத்தில் இடிபட்டு, பச்சை குத்துகிற அம்மாளைத் தேடிக் கண்டுபிடித்தோம். தேளா, கோலமா, புருஷன் பெயரா என்று கேட்டாள்.

"ஒரே ஒரு புள்ளி. மச்சம் மாதிரி இருக்கணும்" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். "மூஞ்சில சொளையா ஒண்ணு இருக்குதே. கையில இன்னொண்ணு இன்னாத்துக்கு?"

"சர்க்கார்ல கேக்கறாங்க."

"சர்க்காருக்குக் கண்ணு இல்லியா? நான் குத்தினா பச்சையாத்தான் இருக்கும். மச்சம்னு நான் சொல்லமாட்டன் தாயி. பச்சைன்னுதான் சொல்லுவன்."

அவ்வளவு பெரிய கூட்டத்தில், கூலி வாங்கிக்கொண்டு ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போக வேண்டியவள் அவள். அவள்கூடப் பொய் சொல்ல மாட்டேன் என்கிறாள். படித்தவள் நான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"வேணாம்மா. வா போலாம்."

"வேல போய்டுமேடி."

"போனா போவட்டும். இல்லாத மச்சத்த வெச்சிக்கினு நான் அங்க போவமாட்டன்."

அம்மா நடுத்தெருவில் நின்று திட்டினாள். மச்சம் வேலையைக் காட்டிவிட்டது என்றாள். அந்தத் திட்டு மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் பழைய வகுப்பாசிரியர் அதற்குள் தலைமையாசிரியர் ஆகியிருந்தார். அறைச் சுவரில் அதே மாதிரி இந்தியா படம் தொங்கியது. நடந்ததைச் சொன்னேன். படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவர் நெற்றி வேர்த்துவிட்டது.

"பப்ளிக் பரீட்சை எழுதினப்புறம் புஸ்தகத்துல நானாக் கை வெக்க முடியாதும்மா. நேர்ல பாத்து எழுதினேன்னு கையெழுத்து வேற போட்டிருக்கேன். இன்னும் ரெண்டு வருஷத்துல பென்ஷன் எனக்கு." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு பண்ணு. சூடு பட்டு மச்சம் மறைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடு. நான் சாட்சிக் கையெழுத்து போடறேன்."

"சார், ஒரு பொய் எழுதினதுக்கே இந்தப் பாடு. இன்னொண்ணு எழுத மாட்டேன். நீங்க என் மூஞ்சியப் பாருங்க சார்."

அவர் பார்க்கவில்லை.

"பாக்காம எழுதினதாலதான சார் இது வந்துச்சு. இன்னிக்காவது பாருங்க."

"பெண் பிள்ளைகளை ஏறிட்டுப் பாக்கிறது மரியாதை இல்லைன்னு இருந்துட்டேம்மா" என்று அவர் மேசையிடம் சொன்னார். அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது, கோபமும் குறையவில்லை. அவருடைய மரியாதைக்கு என் வேலையைக் கொடுக்க நான் தயாராக இல்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பள்ளி வாசல் தாண்டும்போதுதான் உறைத்தது. பொய் என்னுடைய புத்தகத்தில் மட்டும் இல்லை. அதே மச்சம், அதே கை, அதே கையெழுத்து, இன்னும் ஆறு புத்தகத்தில் இருக்கிறது. ஒருத்தியிடம் இருந்தால் ஆள்மாறாட்டம். ஏழு பேரிடமும் இருந்தால்?

ஒவ்வொரு ஊராகக் கிளம்பினேன். இரண்டு பேர் தொலைதூரம் வாழ்க்கைப்பட்டிருந்ததால் விட்டுவிட்டேன். மண்டகப்பட்டில் இருந்தவள் பெட்டியைக் கவிழ்த்துத் தேடிக் கொடுத்தாள். அவள் குழந்தை அதில் பென்சிலால் கிறுக்கியிருந்தது. பனமலையில் இருந்தவளின் புருஷன், வீட்டுச் சாமானை வெளியே கொடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான். ஏரிக்கரை வழியாக நான் திரும்பிக்கொண்டிருந்தபோது அவள் பின்னால் ஓடிவந்து, முந்தானைக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்துக் கையில் திணித்தாள். இன்னொருத்தியின் அம்மா கொடுத்தாள்.

கடைசியாக ஜவுளிக்கடைக்காரரின் மகளிடம் போனேன். அதே கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடை வீட்டுக்கு மருமகளாகியிருந்தாள். கடைக்குப் பின்னால் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தவள், நான் சொல்லி முடிக்கிறவரை முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"பஞ்சாங்கம் பாத்துச் சொன்னது நான். என்னாலதான் உனக்கு வேல போவுதா?"

"எழுதினது என் கைதான?"

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்துவந்தாள். பழைய புடவைத் துணியில் சுற்றி, அட்டை நுனிகூட மடங்காமல் வைத்திருந்தாள். "எடுத்துக்கினு போ. ஒரு தடவையாவது அது ஆபீசப் பாத்துட்டு வரட்டும்" என்றாள்.

நைனா இந்த முறை வாசலில் நிற்கவில்லை, என்னோடு உள்ளே வந்தார். ஐந்து புத்தகங்களையும் முதல் பக்கம் திறந்து அதிகாரியின் மேசையில் வரிசையாக வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். இடது முன்கையில் ஒரு மச்சம். இடது முன்கையில் ஒரு மச்சம். ஐந்தாவதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"என்னம்மா இது?"

ஒன்று விடாமல் சொன்னேன். புளியமரத்தையும், பஞ்சாங்கத்தையும், நல்ல புருஷனையும், அம்மாவுக்குப் பயந்து என் உதட்டு மச்சத்தை நான் விட்டதையும் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்துவந்து சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"சிரிக்காதீங்க சார். எங்கள நிமிர்ந்து பாத்து எழுத அங்க ஒருத்தரும் இல்ல. எங்க ஒடம்ப எழுத எங்களுக்கே பயமா இருந்துச்சு. இப்ப பயம் இல்ல. என் மச்சம் இதோ இருக்குது. பாத்து எழுதிக்குங்க."

சிரிப்பு நின்றது. நைனா என் புடவைத் தலைப்பை மெல்ல இழுத்தார், பிறகு விட்டுவிட்டார். அதிகாரி ஒரு புத்தகத்தைப் புரட்டினார். மளிகைக்கடை மருமகளின் புத்தகம்.

"கணக்குல தொண்ணூற்றெட்டா? இந்தப் பொண்ணு ஏன் பரீட்சை எழுத வரலை?"

"அவளுக்கு நல்ல புருஷன் கெடைச்சிட்டான் சார்" என்றேன்.

அவர் புத்தகத்தை மூடி வைத்தார். தலைமையாசிரியர் விண்ணப்பதாரரை நேரில் பார்த்து, அடையாளத்தைத் திருத்தி, மீண்டும் கையொப்பமிட வேண்டும் என்று ஓர் உத்தரவை டைப் அடிக்கச் சொன்னார். அதுவரை என் பெயர் பட்டியலில் இருக்கும் என்று அதே தாளில் எழுதிக் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் புத்தகங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மளிகைக்கடைக்காரியிடம் அதிகாரி கேட்டதைச் சொன்னேன். நான் சொன்ன பதிலையும் மறைக்காமல் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. மார்க் பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பள்ளிக்கூடத்துக்கு என்னிக்குப் போற?" என்று மட்டும் கேட்டாள்.

நான் போன அன்று அவள் வாசலில் எனக்கு முன்னால் நின்றிருந்தாள். கடையில் யாரிடம் என்ன சொல்லிவிட்டு வந்தாளோ தெரியாது, அவள் சொல்லவும் இல்லை.

தலைமையாசிரியர் உத்தரவை இரண்டு முறை படித்தார். அவருடைய பென்ஷனைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை என்பது உறுதியானதும் மூச்சு விட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என்னைத் தெரிந்த நாளிலிருந்து முதல் முறை. பழைய வரியை அடித்து, மேலுதட்டின் மேல் ஒரு மச்சம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மை காய்வதற்குள் மளிகைக்கடைக்காரி தன் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவளுக்குத் தாவாங்கட்டையில் ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் கோட்டைப் படியில் விழுந்தது.

"உனக்கு உத்தரவு எதுவும் இல்லியேம்மா" என்றார் அவர். "நீயும் வேலைக்குப் போறியா?"

"எங்க சார் வுடுவாங்க? வேலைக்கு இல்ல."

"அப்புறம் எதுக்கும்மா இப்ப?"

"அதுல இருக்கறது நான் இல்ல சார். அதான்."

அவர் சுவரைப் பார்த்தார். இந்தியா அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் நகரவில்லை, நானும் நகரவில்லை. கடைசியில் அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தி, அவள் முகத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

அடுத்த மாதம் நான் வேலையில் சேர்ந்தேன். அவள் புத்தகம் பழையபடி பெட்டிக்குள் போனது. ஆனால் அதைத் திறந்தால் இப்போது அவள் இருப்பாள்.